புற்றுக் காளான்: பறிக்கும் முன்னும் சமைக்கும் முன்னும் எல்லோரும் கேட்கும் கேள்விகள்

சாரல் தொடங்கினால் மேற்குத் தொடர்ச்சி மலையடிவாரத்திலும், ஐப்பசி மழை பிடித்தால் சமவெளியிலும் புற்றுக் காளான் பேச்சு கிளம்பிவிடும். கூடவே சந்தேகங்களும் வரும். ஆண்டுதோறும் காதில் விழும் அதே கேள்விகளை, கேட்டவர்கள் கேட்ட வாக்கிலேயே இங்கே தொகுத்திருக்கிறோம். எளியவை முன்னால், சிக்கலானவை பின்னால். நேராகச் சமையலுக்குத் தாவ வேண்டாம். 3 முதல் 8 வரையுள்ள பதில்களைப் படித்தவருக்காகத்தான் சமையல் பகுதி எழுதப்பட்டிருக்கிறது.

1. புற்றுக் காளான்னா எது? புற்று மேல முளைக்கிறது எல்லாமே அதுதானா?

இல்லை. கறையான் தன் கூட்டுக்குள் வளர்க்கும் ஒரு பூஞ்சை இருக்கிறது. அதன் அறிவியல் பெயர் டெர்மிட்டோமைசஸ். காய்ந்த இலை, சுள்ளி, வைக்கோல் ஆகியவற்றைக் கறையான் தின்று, அரைகுறையாகச் செரித்த எச்சத்தை அடுக்கி, கடற்பஞ்சு போல ஓட்டை ஓட்டையான கட்டிகளைக் கட்டுகிறது. அந்தக் கட்டியில் பூஞ்சை வளர்ந்து, கறையானால் செரிக்க முடியாத மரநாரைச் சிதைத்துக் கொடுக்கிறது. மழைக்காலத்தில் அந்தப் பூஞ்சை மண்ணைத் துளைத்துக்கொண்டு மேலே அனுப்பும் குடைதான் புற்றுக் காளான்.

புற்றின் மேல் வேறு பூஞ்சைகளும் முளைக்கும். கைவிடப்பட்ட வறண்ட புற்றுகளில் பொடாக்சிஸ் என்ற ஒன்று வரும். அதன் தொப்பி விரியவே விரியாது, முற்றினால் உள்ளே கறுப்புத் தூளாகிவிடும். புற்றோரப் புல்லில் நச்சுக் குடைகளும் நிற்கலாம். மறுபக்கம், மேடே தெரியாத சமதரையிலும் அசல் புற்றுக் காளான் கிளம்பும், ஏனென்றால் பல கறையான் கூடுகள் தரைக்குக் கீழேயே இருக்கும். எனவே மேடு இருக்கிறதா என்பதை வைத்து எதையும் முடிவு செய்ய முடியாது. கீழே உள்ள கூட்டோடு காளானுக்கு வேர்த்தொடர்பு இருக்கிறதா என்பதைத்தான் பார்க்க வேண்டும்.

2. எப்போ கிளம்பும்? இடி இடிச்சாதான் பூக்குமா?

கன்னியாகுமரி, தென்காசி, தேனி பக்கம் தென்மேற்குப் பருவமழையிலும், உள் மாவட்டங்களில் புரட்டாசி, ஐப்பசி மழையிலும் அதிகம் கிடைக்கும். வெயில் காய்ந்த மண்ணில் நல்ல மழை இறங்கி, அடுத்து ஓரிரு நாள் புழுக்கம் இருந்தால் எதிர்பார்க்கலாம். அந்தப் பருவத்து மழை பெரும்பாலும் இடியோடு வருவதால் இரண்டையும் சேர்த்துச் சொல்லிவிட்டார்கள்.

விடியலுக்கு முன்பே மண்ணை முட்டிக்கொண்டு வெளிவரும். காலை எட்டு மணிக்குள் பறித்தது சமையலுக்கு அருமையாக இருக்கும். மாலைக்குள் குடை விரிந்து, ஓரம் கிழிந்து, புழு வைக்கத் தொடங்கிவிடும்.

3. கண்ணால பார்த்து இதுதான்னு எப்படி உறுதி பண்றது?

முதல் அடையாளம் மண்ணுக்குள் இருக்கிறது. ஒரு காளானையாவது குச்சியால் சுற்றிலும் மண்ணைத் தள்ளி முழுசாக எடுத்துப் பாருங்கள். தரைமட்டத்தில் தண்டு முடியாது. கீழே வேர் போல நீண்டு, மெலிந்துகொண்டே போகும். கூடு எவ்வளவு ஆழமோ அவ்வளவு நீளம். விரல் நீளமும் இருக்கலாம், ஒரு முழமும் இருக்கலாம். அதன் மேல்தோல் பழுப்பாகவோ கறுப்பாகவோ இருந்தாலும் உள்சதை வெள்ளையாக, நார்நாராக, கெட்டியாக இருக்கும். தண்டின் அடியில் பை, கிண்ணம், முட்டை ஓடு மாதிரி எந்த உறையும் இருக்கக் கூடாது.

அடுத்து தொப்பி. நட்டநடுவில் ஒரு கூரிய குமிழ் இருக்கும். சுற்றியுள்ள பகுதியைவிட நிறம் அடர்ந்து, நகத்தால் அழுத்தினால் கெட்டியாக இருக்கும். மண்ணைத் துளைத்து வருவது அந்த முனைதான். குமிழிலிருந்து ஓரம் நோக்கி நிறம் வெளிறி, வெள்ளை, சாம்பல் அல்லது இளம்பழுப்பாக முடியும். விரிந்ததும் ஓரம் ஆங்காங்கே கீறி நிற்கும். தொப்பியின் மேல் கையால் தட்டினால் உதிரும் மருவோ திட்டோ இருந்தால் அது வேறு காளான்.

தொப்பியைத் திருப்பினால் அடியில் வரிவரியாக மெல்லிய தகடுகள் நெருக்கமாக நிற்கும். இந்தப் பக்கம் முழுக்க அவற்றை இதழ் என்று குறிப்பிடுகிறோம். அசல் காளானில் இதழ்கள் முதலில் வெள்ளை, முற்ற முற்ற இளஞ்சிவப்பு. தண்டை ஒட்டாமல் சற்று விலகி நிற்கும். வேர், குமிழ், இதழ், உறையில்லாத அடி ஆகிய நான்கும் ஒரே காளானில் சேர்ந்து இருக்க வேண்டும். மூன்று இருந்து ஒன்று இல்லை என்றால் அங்கேயே விட்டுவிடுங்கள். இன்னொரு விஷயம்: சில புற்றுக் காளான் வகைகளில் தண்டில் வளையம் உண்டு. ஆனால் பழகும் காலத்தில் வளையமுள்ள எதையும் எடுக்காமல் இருப்பதே நல்லது. இழப்பு ஒரு வேளைக் குழம்பு மட்டும்தான்.

4. குடையை மட்டும் கிள்ளிட்டு வந்துட்டேன். தண்டு மண்ணுலயே போச்சு. பரவாயில்லையா?

சமைக்காதீர்கள். வேர் இருந்ததா, உறை இருந்ததா என்ற இரண்டு பெரிய கேள்விகளுக்கும் பதில் மண்ணில் தங்கிவிட்டது. கொடிய நச்சுக் காளான்களின் அடிக்கிண்ணம் மண்ணுக்குள்தான் புதைந்திருக்கும், மேலே கிள்ளினால் அது தெரியவே தெரியாது. அதே இடத்துக்குத் திரும்பிப் போய் மீதித் தண்டைத் தோண்டிப் பார்க்க முடிந்தால் பாருங்கள். முடியாவிட்டால் குப்பையில் போடுங்கள். பறித்துச் சுத்தம் செய்து கூறு கட்டிச் சாலையோரம் விற்பதை வாங்கும்போதும் இதேதான்: ஒன்றிரண்டு காளானாவது வேரோடு இருக்கிறதா என்று கேட்டு வாங்குங்கள்.

5. வித்துத்தூள் பார்க்கணும்னு சொல்றாங்களே, அதை வீட்டில செய்ய முடியுமா?

முடியும், செலவில்லை. வித்துத்தூள் என்பது காளான் தன் இதழ்களிலிருந்து உதிர்க்கும் நுண்ணிய வித்துகள். அவை குவிந்து விழும்போது தெரியும் நிறத்தைத்தான் பார்க்கிறோம். நன்றாக விரிந்த குடை ஒன்றை எடுத்து, தண்டைத் தொப்பியோடு ஒட்ட வெட்டிவிடுங்கள். பாதி வெள்ளை, பாதி கறுப்பாக ஒட்டிய தாளில் இதழ்ப்பக்கம் கீழே இருக்கும்படி வைத்து, மேலே ஒரு டம்ளரைக் கவிழ்த்து மூடுங்கள். காற்று பட்டால் தூள் சிதறிவிடும். ஆறு மணி நேரத்தில் ஓரளவு தெரியும், இரவு முழுக்க வைத்தால் தெளிவாக இருக்கும். மொட்டாக இருப்பது தூள் விடாது. தொப்பி காய்ந்திருந்தால் மேலே ஒரு சொட்டுத் தண்ணீர் விடுங்கள்.

புற்றுக் காளானின் தூள் வெளிர் இளஞ்சிவப்பு. தூள் வெள்ளையாக விழுந்தால் அமானிடா வகையாக இருக்கலாம் (7ஆம் கேள்வி). பச்சையாக விழுந்தால் 6ஆம் கேள்வியில் வரும் நச்சுக்குடை. வெள்ளைத் தாளில் வெள்ளைத் தூள் தெரியாது என்பதற்காகத்தான் கறுப்புப் பாதி.

ஆனால் இளஞ்சிவப்பு விழுந்துவிட்டது என்பதற்காக நேராகச் சட்டியில் போட்டுவிடக் கூடாது. எண்டலோமா என்ற இனத்துக்கும் இளஞ்சிவப்புத் தூள்தான். அதில் நச்சு வகைகள் உண்டு. அதன் இதழ்கள் பெரும்பாலும் தண்டோடு ஒட்டியிருக்கும், ஆழமான வேரும் கிடையாது. வேண்டாததைத் தள்ளத்தான் இந்தச் சோதனை பயன்படும். உண்ணத்தக்கது என்று சான்று தருவது 3ஆம் கேள்வியின் நான்கு அடையாளங்களும் இந்தத் தூளும் சேர்ந்துதான்.

6. புல்தரையில பெருசு பெருசா வெள்ளைக் குடை நிக்குது. பார்க்க ரொம்ப அழகா இருக்கே, அது சாப்பிடலாமா?

கூடாது. நம் ஊரில் காளான் தின்று வாந்தி எடுப்பவர்கள் பலரும் தின்றிருக்கக் கூடியது இதைத்தான்: குளோரோஃபில்லம் மாலிப்டைட்டிஸ். மைதானம், பள்ளி வளாகம், எருக்குழி ஓரம், தோட்டத்துப் புல் என்று மழைக்குப் பிறகு வட்டமாகக் கூட்டம் கூட்டமாக வரும். தொப்பி ஒரு சாண் அகலம்கூட விரியும். வெள்ளைத் தொப்பியின் மேல் பழுப்புச் செதில்கள், நடுவில் பழுப்புத் திட்டு. தண்டில் தடித்த வளையம் இருக்கும், விரலால் மேலும் கீழும் நகர்த்தலாம். அடித்தண்டு கொஞ்சம் பருத்து அங்கேயே முடிந்துவிடும், வேர் கிடையாது.

ஏமாற்றுவது அதன் இதழ்தான். இளசில் தூய வெள்ளையாக இருக்கும், பச்சை பின்னால்தான் ஏறும். அதனால் விரியாத குடையில் பச்சை தெரியவில்லையே என்று நம்பிவிடுகிறார்கள். சாப்பிட்ட அரை மணி முதல் மூன்று மணி நேரத்துக்குள் கடும் வாந்தியும் வயிற்றுப்போக்கும் பிடிக்கும். பெரியவர்கள் பெரும்பாலும் தேறிவிடுவார்கள், குழந்தைகளுக்கு உடல்நீர் வற்றுவது ஆபத்தாகலாம்.

7. அப்போ உயிரையே எடுக்கிறது எது?

அமானிடா இனத்தில் சில வகைகள். அடியில் பை போன்ற உறை, தண்டில் பாவாடை போலத் தொங்கும் வளையம், வெள்ளை இதழ், வெள்ளை வித்துத்தூள் ஆகியவை இவற்றின் அடையாளம். மழையில் வளையம் உதிர்ந்துவிடலாம், உறை மண்ணில் தங்கிவிடலாம், அதனால் ஒன்றைக் காணோம் என்று தைரியம் கொள்ளக் கூடாது. நீலகிரியிலும் கொடைக்கானலிலும் பைன் மரங்களுக்கு அடியில் சிவப்புத் தொப்பியில் வெள்ளை மருக்களோடு நிற்கும் அமானிடா மஸ்காரியாவும் இந்த இனம்தான். அது வேலை செய்வது நரம்பில். சிவப்பு மட்டும்தான் விஷம் என்று நினைப்பது தவறு. ஆளைக் கொல்பவை வெள்ளையாகவும் பச்சை கலந்த மஞ்சளாகவும் சாதுவாகத்தான் இருக்கும்.

அவற்றிலுள்ள நச்சு அமாடாக்சின். கல்லீரல் செல்கள் புரதம் செய்யத் தேவையான நொதியை அது முடக்கிவிடுகிறது. வேகவைத்தாலும், வறுத்தாலும், காய வைத்தாலும், உப்பில் ஊறவைத்தாலும் அழியாது. ஒரு நடுத்தரக் காளான் ஒரு பெரியவரின் உயிரை எடுக்கப் போதும். லெபியோட்டா என்ற சிறிய செதில் தொப்பிக் காளான்கள் சிலவற்றிலும் இதே நச்சு உண்டு. 2022 ஏப்ரலில் அசாமின் மேல் மாவட்டங்களில் காட்டுக் காளான் சாப்பிட்டுப் பத்துக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். அனுபவம் உள்ள ஊரிலும் இது நடக்கும்.

8. வெள்ளிக் காசு போட்டுப் பார்த்தா, பூண்டு போட்டுப் பார்த்தா தெரிஞ்சிடும்னு எங்க பாட்டி சொல்லுவாங்க. உண்மையா?

உண்மையில்லை. இந்தப் பக்கத்தில் ஒன்றே ஒன்று மட்டும் நினைவில் தங்குமானால் அது இதுவாக இருக்கட்டும்: காளானின் நச்சைக் காட்டும் சமையலறைச் சோதனை எதுவுமே கிடையாது. வெள்ளி கறுப்பது கந்தகச் சேர்மத்தால். அது பூண்டிலும் முட்டையிலும்கூட இருக்கிறது, அமாடாக்சினோடு அதற்குச் சம்பந்தமில்லை. பூண்டு நீலமாவது பூண்டுக்குள் நடக்கும் வேதிமாற்றம். மஞ்சள் நிறம் மாறுவது காரத்தன்மையைக் காட்டும். அரிசி சிவக்கும் என்பதற்கும் அடிப்படை இல்லை.

பாட்டி பிழைத்ததும் காசால் அல்ல. எந்தப் புற்றில், எந்த மாதத்தில், எப்படிப்பட்ட வேரோடு வரும் என்று அவர் கண்ணுக்குத் தெரிந்திருந்தது. அந்தக் கண்ணைப் பழகிக்கொள்ளுங்கள், காசை விட்டுவிடுங்கள்.

9. புழு வச்சிருக்கு, நத்தை தின்னிருக்கு. அப்போ விஷம் இல்லைதானே?

நத்தையின் உடம்பு வேறு, நம் உடம்பு வேறு. கொடிய அமானிடாவையும் நத்தை மேயும், புழு துளைக்கும். ஆடு, முயல், குரங்கு கணக்கும் இப்படித்தான். "நல்ல மணம் வருது", "தோல் உரிஞ்சு வருது", "ருசி கசக்கலை" என்பவையும் செல்லாது. அமானிடா தின்று பிழைத்தவர்கள் அது சுவையாக இருந்ததாகவே சொல்லியிருக்கிறார்கள்.

10. தரையில அரிசி இறைச்ச மாதிரி குட்டிக் குட்டியா வர்ற அரிசிக் காளானுக்கு வேரே இல்லையே?

ஆம், அதுவும் டெர்மிட்டோமைசஸ்தான் (மைக்ரோகார்பஸ் வகை). கறையான் தன் பூஞ்சைக் கட்டியைத் துண்டு துண்டாக வெளியே கொண்டுவந்து போடும்போது அதிலிருந்து மேல்மண்ணிலேயே நூற்றுக்கணக்கில் முளைக்கும். தொப்பி ஒன்று, ஒன்றரை சென்டிமீட்டர்தான். கூட்டிலிருந்து நீண்டு வர வேண்டியதில்லை என்பதால் நீள வேர் இருக்காது.

ருசி அபாரம். ஆனால் 3ஆம் கேள்வியின் முதல் அடையாளமே இதில் கிடைக்காது. சிறிய வெள்ளைக் காளான்களில் நச்சானவையும் உண்டு. அதே திட்டில் பல பருவம் பறித்துச் சாப்பிட்ட ஒருவர் பக்கத்தில் நின்று காட்டினால் மட்டும் எடுங்கள். ஒவ்வொரு பிடியையும் தட்டில் பரப்பி, மற்றவற்றைவிடப் பெரிதாகவோ, செதிலோடோ, வளையத்தோடோ ஒன்று கலந்திருக்கிறதா என்று பாருங்கள்.

11. வைக்கோல் போரிலயும் வாழைக் கழிவிலயும் முளைக்குதே, அது எடுக்கலாமா?

அது வைக்கோல் காளானாக (வால்வேரியெல்லா) இருக்கலாம். உண்ணத்தக்கதுதான், கடையிலும் விற்கிறது. சிக்கல் என்னவென்றால் அதற்கும் அடியில் உறை உண்டு, அதுவும் முட்டை வடிவ மொட்டாகத்தான் கிளம்பும். அமானிடா மொட்டும் அச்சு அசலாக அப்படியே இருக்கும். வைக்கோல் காளான் தின்று பழகியவர்கள் வெளிநாடுகளுக்குப் போய், அங்கே மரத்தடியில் கண்ட அமானிடாவை அதுவென்று நினைத்துச் சமைத்து இறந்திருக்கிறார்கள். முட்டை நிலையில் இருக்கும் எந்தக் காட்டுக் காளானையும் எடுக்காதீர்கள்.

பால் காளானுக்கும் இதே அறிவுரைதான். 1974இல் மேற்கு வங்கத்திலிருந்து விவரிக்கப்பட்ட இந்தக் காட்டுக் காளானை 1998இல் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் ஏபிகே 2 என்ற ரகமாக வெளியிட்டது. இப்போது எங்கும் பண்ணைக் காளானாகவே கிடைக்கிறது. காட்டில் கிடைப்பதன் தூளோ வெள்ளை, அமானிடாவைப் போலவே. வாங்கக் கிடைக்கும்போது எதற்கு அந்த ஆபத்து?

12. போட்டோ எடுத்து ஆப்ல போட்டா பேர் சொல்லுதே?

பெயர் தெரிந்துகொள்ள வைத்துக்கொள்ளுங்கள், சாப்பிட முடிவெடுக்க வேண்டாம். மேலிருந்து எடுத்த படத்தில் வேரும் தெரியாது, உறையும் தெரியாது, வித்துத்தூளும் தெரியாது. படத்தைப் பார்த்து "சாப்பிடலாம்" என்று பதில் போடும் மனிதருக்கும் அதே குறைதான்.

13. எங்க வேணாலும் பறிக்கலாமா? வனத்துறை பிடிக்குமா?

சொந்த நிலம், கேட்டு அனுமதி வாங்கிய நிலம் என்றால் தொல்லையில்லை. காப்புக்காட்டில் அனுமதியின்றி வனப்பொருள் எடுப்பது 1882 வனச்சட்டப்படி குற்றம். சரணாலயம், தேசியப் பூங்கா என்றால் 1972 வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம் இன்னும் கடுமை. காணிக்காரர், பளியர், இருளர் போன்ற காட்டைச் சார்ந்து வாழும் சமூகங்களுக்குச் சிறு வனப்பொருள் சேகரிக்கும் உரிமையை 2006 வன உரிமைச் சட்டம் தருகிறது. அந்த உரிமை அவர்களுடையது, சுற்றுலா போகிறவர்களுடையது அல்ல.

சட்டம் தடுக்காத இடமெல்லாம் நல்ல இடமும் அல்ல. காளான் மண்ணிலுள்ள ஈயம், காட்மியம், பாதரசத்தை இழுத்துச் சேர்த்துவைக்கும். நெடுஞ்சாலை ஓரம், குப்பைமேடு, சாயக்கழிவு ஓடும் வாய்க்கால், மருந்தடித்த பருத்திக்காடு, களைக்கொல்லி தெளித்த ரப்பர் அல்லது தேயிலைத் தோட்டம் ஆகியவற்றில் அசல் புற்றுக் காளானே நின்றாலும் தொடாதீர்கள்.

14. எப்படிப் பறிச்சா அடுத்த வருஷமும் வரும்?

அடையாளம் பார்க்க ஒன்றைத் தோண்டுங்கள், மற்றவற்றைத் தோண்ட வேண்டாம். தண்டைத் தரையோடு பிடித்து மெல்லத் திருகி இழுத்தால் வேரின் மேல்பகுதி கூடவே வரும். ஆனால் ஒவ்வொன்றாகத் தூக்கி அடி உறை இல்லை என்று பார்த்தே கூடையில் போடுங்கள். மண்வெட்டி போட்டுக் கூட்டைக் கிளறினால் பூஞ்சைக் கட்டி உடையும், கறையான் இடம் மாறிவிடும். விரிந்து முற்றியவற்றை அப்படியே விட்டுவிடுங்கள், புழு வைத்ததால் உங்களுக்கு எப்படியும் உதவாது.

புற்று என்றால் பாம்பும் தேளும் இருக்கும். துளைகளுக்குள் கை விடாதீர்கள், குச்சியால் தட்டி, விளக்கு அடித்துப் பாருங்கள், கணுக்காலை மூடும் செருப்புப் போடுங்கள். மஞ்சள் குங்குமம் வைத்துக் கும்பிடும் புற்றில் பறிக்கும் முன் ஊராரிடம் கேளுங்கள். பிளாஸ்டிக் பை வேண்டாம். உள்ளே வியர்த்து இரண்டு மணி நேரத்தில் கொழகொழத்துவிடும். ஓலைக்கூடை அல்லது துணிப்பை நல்லது.

15. எங்க தாத்தா காலத்துல இருந்து அதே புற்றுலதான் பறிக்கிறோம். ஒவ்வொரு தடவையும் பார்க்கணுமா?

பார்க்கத்தான் வேண்டும், ஒவ்வொரு காளானையும். கூடு செத்துப்போன புற்றில் அடுத்த ஆண்டு வேறு பூஞ்சை வரலாம். புற்றுக் காளான் கூட்டத்தின் நடுவே வேறொன்று ஒற்றையாக முளைத்து நிற்கலாம். பழகிய இடம் என்ற நம்பிக்கையில் இருட்டில் அள்ளிப் போடும்போதுதான் கலப்பு நடக்கிறது. வேலையைப் பிள்ளைகளிடம் விட்டிருந்தால் கூடையை மறுபடி நீங்களே பிரித்துப் பாருங்கள்.

16. இதை வீட்டுல வளர்க்க முடியுமா?

வணிக அளவில் யாரும் வளர்த்து விற்பதில்லை. கறையான் இல்லாமல் இந்தப் பூஞ்சை குடை விடுவதற்கான சூழலை அமைக்க முடியவில்லை. வளர்க்க ஆசை என்றால் சிப்பிக் காளானும் பால் காளானும் இருக்கின்றன.

17. மண்ணும் கறுப்புமா இருக்கே, எப்படிச் சுத்தம் பண்றது?

முதலில் தண்ணீர் காட்டாதீர்கள். காய்ந்த நிலையில் கத்தி முனையால் மண்ணைச் சுரண்டி, வேரின் கறுப்புத் தோலை மேலிருந்து கீழாக உரித்தெடுங்கள். நடுக்குமிழில் ஒட்டிய மண்ணையும் சுரண்டுங்கள். பிறகு ஒவ்வொன்றையும் நெடுக்காக இரண்டாகக் கிழியுங்கள். உள்ளே புழுத்துளை தெரிந்தால் அந்தக் காளானைத் தள்ளிவிடுங்கள். கிழிக்கும்போதே சதை வெள்ளையாக, நாராகப் பிரிகிறதா என்று கடைசியாக ஒரு முறை அடையாளமும் பார்த்ததாகும்.

அதன்பின் ஒரு ஸ்பூன் கல்லுப்பும் கொஞ்சம் மஞ்சள்தூளும் கலந்த தண்ணீரில் இரண்டு மூன்று முறை அலசி எடுத்து வடிகட்டியில் போடுங்கள். உப்பும் மஞ்சளும் பூச்சியை வெளியேற்றத்தான், நச்சை நீக்க அல்ல (8ஆம் கேள்வி). ஊறவைத்தால் தண்ணீரைக் குடித்துக் குழம்பில் சவசவ என்றாகிவிடும்.

18. எப்படிச் சமைச்சா ருசி? எவ்வளவு நேரம் வேகணும்?

அரைக் கிலோ காளானுக்குக் கணக்கு: சின்ன வெங்காயம் இருபது, பூண்டு எட்டுப் பல், தக்காளி ஒன்று, கறிவேப்பிலை இரண்டு கொத்து, நல்லெண்ணெய் மூன்று டேபிள்ஸ்பூன். வறுத்து அரைக்க: மல்லி இரண்டு டேபிள்ஸ்பூன், மிளகு ஒரு டீஸ்பூன், சீரகம் அரை டீஸ்பூன், காய்ந்த மிளகாய் நான்கு, தேங்காய்த் துருவல் நான்கு டேபிள்ஸ்பூன். தேங்காயைக் கடைசியில் சேர்த்துச் செம்பழுப்பாக வறுத்து மைய அரைத்துக்கொள்ளுங்கள்.

மண்சட்டியில் எண்ணெய் காய்ந்ததும் வெங்காயம், பூண்டு, கறிவேப்பிலை போட்டு வதக்கி, தக்காளி கரைந்ததும் முதலில் வேர்த்துண்டுகளைப் போடுங்கள். அவை தொப்பியைவிடக் கெட்டி என்பதால் ஐந்து நிமிடம் முந்த வேண்டும். பிறகு தொப்பிகளைக் கையால் கிழித்துப் போட்டு, உப்பும் மஞ்சளும் சேர்த்து, தண்ணீர் ஊற்றாமல் கிளறுங்கள். காளான் தானே தண்ணீர் விடும். அது பாதி வற்றியதும் அரைத்ததைக் கரைத்து ஊற்றி, சிறு தீயில் பதினைந்து நிமிடம் கொதிக்கவிடுங்கள். எண்ணெய் மேலே மிதந்தால் இறக்கலாம். களியோ கம்பஞ்சோறோ தோதாக இருக்கும். புளி ஊற்றினால் காளானின் மணம் அடங்கிவிடும், விடுங்கள்.

மொத்தத்தில் இருபது நிமிடத்துக்குக் குறையாமல் வேக வேண்டும். காளானின் செல்சுவர் கைட்டின் என்ற கெட்டிப் பொருளால் ஆனது. பச்சையாகவோ அரைவேக்காடாகவோ சாப்பிட்டால் நல்ல காளானும் வயிற்றைப் புரட்டும்.

19. நான் செஞ்சா மட்டும் ரப்பர் மாதிரி ஆகுது, இல்லன்னா தண்ணியா நிக்குது. என்ன தப்பு?

தண்ணியாக நிற்பதற்குக் காரணம் இரண்டு: கழுவும்போது ஊறவைத்தது, அல்லது சிறிய சட்டியில் குவித்துப் போட்டது. அகலமான சட்டியில் தீயைக் கூட்டி, முதலில் காளானின் தண்ணீரை வற்றவிடுங்கள். ரப்பர் போல இழுபட்டால் முற்றிய வேரைத் தொப்பியோடு சேர்த்துப் போட்டிருப்பீர்கள். வேரின் முற்றிக் கெட்டியான பகுதியைக் கழித்துவிட்டு மீதியை நாராகக் கிழித்துப் போடுங்கள்.

20. நிறைய கிடைச்சிடுச்சு. எப்படி வச்சுக்கிறது?

கழுவாமல், துணியிலோ காகிதப் பையிலோ சுற்றிக் குளிர்பெட்டியில் ஒரு நாள், மிஞ்சினால் இரண்டு நாள். நெடுநாளுக்கு என்றால் மெல்லிய துண்டாக நறுக்கி, வலைத்துணி மூடி, நல்ல வெயிலில் இரண்டு மூன்று நாள் காயவிடுங்கள். வளைத்தால் மடக்கென்று ஒடிய வேண்டும், வளைந்து கொடுத்தால் இன்னும் ஈரம் இருக்கிறது, பூசணம் பிடிக்கும். மழைக்காலத்தில் வெயில் நம்பிக்கை இல்லை என்பதால் அடுப்புக்கு மேல் பரணில் உலர்த்துவதும் உண்டு. காற்றுப் புகாத ஜாடியில் வைத்தால் பல மாதம் தாங்கும். வெந்நீரில் அரை மணி ஊறவைத்து, அந்தத் தண்ணீரை வடிகட்டிக் குழம்பிலேயே சேர்க்கலாம். சமைத்த குழம்பை மறுநாளைக்கு வெளியில் வைக்காதீர்கள்.

21. முதல் தடவை சாப்பிடறவங்க, குழந்தைங்க, கர்ப்பிணிங்க சாப்பிடலாமா? கூட மது எடுத்துக்கலாமா?

முதல் முறை என்றால் இரண்டு ஸ்பூன் அளவு சாப்பிட்டு ஒரு நாள் பொறுங்கள். எல்லோருக்கும் ஒத்துக்கொள்ளும் காளான் என்று ஒன்று கிடையாது. ஐந்து வயதுக்குக் கீழுள்ளவர்கள், கர்ப்பிணிகள், கல்லீரல் அல்லது சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் காட்டுக் காளானைத் தவிர்ப்பது நல்லது. அடையாளத்தில் சிறு பிழை நேர்ந்தாலும் அவர்களுக்குத்தான் அடி பலமாக விழும். எருவிலும் மட்கிலும் வளர்ந்து மையாகக் கரையும் மைக்குடைக் காளான்களில் சில, மதுவோடு சேர்ந்தால் முகம் சிவந்து, நெஞ்சு படபடத்து, வாந்தி வரவைக்கும். காளான் சாப்பிட்டால் மூன்று நான்கு நாள் மது வேண்டாம் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

எந்த முறை சமைத்தாலும், சமைக்காத முழுக் காளான் ஒன்றை வேரோடு காகிதத்தில் சுற்றிக் குளிர்பெட்டியில் எடுத்து வையுங்கள். ஏன் என்பது அடுத்த பதிலில்.

22. சாப்பிட்டு ஆறு மணி நேரமாச்சு, ஒண்ணும் ஆகலை. தப்பிச்சாச்சுதானே?

அப்படிச் சொல்ல முடியாது. விரைவில் வாந்தி வரவைக்கும் காளான்கள் பெரும்பாலும் உயிரை விட்டுவிடும். அமாடாக்சினோ ஆறு முதல் இருபத்துநான்கு மணி நேரம் சத்தமே காட்டாது. அதன்பின் தண்ணீராகப் போகும், வாந்தி, வயிற்றுப்பிடிப்பு. மறுநாள் அது தணிந்து ஆள் தெளிந்தது போலிருக்கும். கல்லீரல் அழிந்துகொண்டிருக்கும் நேரம் அதுதான். மூன்றாம், நான்காம் நாளில் கண் மஞ்சளாகி, நினைவு தடுமாறும்போது கொண்டுபோனால் மருத்துவருக்கு வழி குறைந்துவிடும். இன்னொரு சிக்கல்: கூடையில் இரண்டு நச்சுவகை கலந்திருந்தால் ஒரு மணி நேரத்தில் வாந்தியும் வரும், அமாடாக்சினும் உள்ளே இருக்கும். எனவே சீக்கிரம் வாந்தி வந்ததால் கொடியது இல்லை என்றும் எடுத்துக்கொள்ள முடியாது.

காளான் சாப்பிட்டவர் யாருக்காவது வாந்தியோ பேதியோ வந்தால் 108ஐ அழைத்து, அதே பாத்திரத்தில் சாப்பிட்ட அத்தனை பேரையும் மருத்துவமனைக்குக் கூட்டிப் போங்கள், நலமாக இருப்பவர்களையும்தான். உப்புத் தண்ணீர், மோர், புளிக்கரைசல் கொடுத்து வாந்தி எடுக்க வைக்காதீர்கள். எடுத்துவைத்த முழுக் காளானையும், மீந்த குழம்பையும், சாப்பிட்ட நேரத்தையும் மருத்துவரிடம் கொடுங்கள். "காளான்" என்ற சொல்லை வாசலிலேயே சொல்லுங்கள், சாதாரண வயிற்றுப்போக்கு என்று மாத்திரை கொடுத்து அனுப்பிவிடாமல் இருக்க அது உதவும். கல்லீரல் நொதிகளுக்கான ரத்தப் பரிசோதனையை ஒரு முறையோடு நிறுத்தாமல் அடுத்த இரண்டு மூன்று நாளும் திரும்ப எடுக்கச் சொல்வார்கள். நன்றாகத்தானே இருக்கிறார் என்று வீட்டுக்குக் கூட்டி வந்துவிடாதீர்கள். மருத்துவமனையில் மருத்துவக் கரி, நரம்பு வழி நீர்மம், என்-அசிட்டைல் சிஸ்டீன், கிடைத்தால் சிலிபினின் தருவார்கள். டெல்லி எய்ம்ஸில் இயங்கும் தேசிய நச்சுத் தகவல் மையத்தின் கட்டணமில்லா எண் 1800 116 117. மருத்துவரும் அதை அழைத்து ஆலோசனை கேட்கலாம்.